தடிமன் காய்ச்சலும் கொரோனாவும்: எங்கள் சாவுகளை எண்ணியது யார்?

“கொரோனா எண்டு ஊரையே அடைச்சு வச்சாங்கள். கடைசியில பாத்தா வருசா வருசம் வாற தடிமன் காய்ச்சலுக்குச் சாகிற அளவு சனம்தான் செத்தது.”

பெருந்தொற்று தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும் இந்தப் பேச்சு ஓயவில்லை. தேநீர்க்கடையிலும் கேட்கலாம், முகநூலிலும் படிக்கலாம். வடக்கில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு: “எங்கட பக்கம் பெரிசா ஒருத்தரும் சாகேல்லை. அது கொழும்பு வருத்தம். ஆமிக்காரனை றோட்டில விடுறதுக்குத்தான் எங்களையும் அடைச்சவங்கள்.”

இரண்டாவது கூற்றில் உள்ள கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. தொற்றுத் தடுப்புச் செயலணிக்கு இராணுவத் தளபதியைத் தலைவராக நியமித்த நாடு இது. நினைவேந்தல்களைத் தடுக்கத் தனிமைப்படுத்தல் விதிகள் பயன்பட்டதையும் நாங்கள் கண்டோம். ஆனால் அந்தக் கோபம் வேறு, சாவு எண்ணிக்கை வேறு. இறந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து ஏமாற்றப்பட்ட அனுபவம் எங்களைப் போல் வேறு யாருக்கும் இருக்காது. அதனாலேயே எண்களை அலசிப் பார்க்கும் பொறுப்பும் எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தடிமன் காய்ச்சலில் இருந்து தொடங்குவோம். நாங்கள் தடிமன் என்று சொல்வது பெரும்பாலும் சாதாரண சளி. பருவகால இன்ஃபுளுவென்சா அதைவிடக் கடுமையானது. முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் கொல்லக்கூடியது. உலகம் முழுவதும் ஆண்டுதோறும் 2 இலட்சத்து 90 ஆயிரம் முதல் 6 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வரை இதனால் ஏற்படும் சுவாச நோய்களால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பு. இங்கே ‘கணிப்பு’ என்ற சொல் முக்கியம். யாரும் அந்த உடல்களை ஒவ்வொன்றாக எண்ணவில்லை. காய்ச்சல் பருவத்தில் வழமையைவிட எத்தனை மரணங்கள் கூடின என்று கணித முறைகளால் மதிப்பிட்டு எடுத்த தொகை அது. கொவிட் எண்ணிக்கையோ பரிசோதனையில் உறுதிசெய்து, ஒவ்வொருவராக எண்ணி, மாலைச் செய்தியில் வாசித்தது. ஒன்று மதிப்பீடு, மற்றது எண்ணிக்கை. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் தட்டு கோணத்தான் செய்யும்.

அமெரிக்க வைத்தியர்களான ஜெரமி ஃபாஸ்ட், கார்லோஸ் டெல் ரியோ ஆகியோர் 2020 இல் இதைச் செம்மையாக விளக்கினார்கள். எண்ணிய மரணத்தை எண்ணிய மரணத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்றார்கள். 2020 ஏப்ரல் 21 உடன் முடிந்த வாரத்தில் அமெரிக்காவில் எண்ணப்பட்ட கொவிட் மரணங்கள் 15,455. அதற்கு முந்தைய ஏழு காய்ச்சல் பருவங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் மிக மோசமான வாரத்தில் எண்ணப்பட்ட இன்ஃபுளுவென்சா மரணங்களைப் பார்த்தால் அவை 351 இல் இருந்து 1,626 வரைதான். அதாவது கொவிட் குறைந்தது ஒன்பது மடங்கு, கூடியது நாற்பத்து நான்கு மடங்கு.

பிரித்தானியாவிலும் இதே கதைதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை கொவிட்டைக் காரணமாகக் கொண்ட மரணங்கள் 48,168, இன்ஃபுளுவென்சாவால் 394. காய்ச்சலால் இறப்பவர்கள் பலர் நியூமோனியா என்ற பெயரில் பதிவாகிறார்கள் என்று ஒருவர் சொல்லலாம். சரி, அதையும் சேர்ப்போம். நியூமோனியா மரணங்கள் 13,619. இரண்டையும் கூட்டினாலும் கொவிட் மூன்று மடங்குக்கு மேல் நிற்கிறது.

இலங்கையில் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியுமா? நேர்மையாகச் செய்வது கடினம். இங்கே இன்ஃபுளுவென்சா ஆண்டுக்கு இரு முறை எழும்: ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் ஒரு தடவை, மாரி காலத்தில் நவம்பரில் இருந்து ஜனவரி வரை இன்னொரு தடவை. தெரிவுசெய்த சில வைத்தியசாலைகளில் இருந்து மாதிரிகள் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போகின்றன. வைரஸ் ஊரில் சுற்றுகிறதா, எந்த வகை என்பதை அறிய அது போதும். எத்தனை பேர் இறந்தார்கள் என்று அறியப் போதாது. வீட்டில் நாலு நாள் காய்ச்சலில் கிடந்து இறந்த எண்பது வயது அம்மாவின் மரணப் பத்திரத்தில் முதுமை என்றோ மாரடைப்பு என்றோதான் இருக்கும். ஆகவே “தடிமன் காய்ச்சலுக்குச் சாகிற அளவு” என்று இங்கே ஒருவர் சொல்லும்போது, அந்த அளவு எவ்வளவு என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. சுகாதார அமைச்சிடமும் உருப்படியான பதில் இருக்காது.

மறுபக்கமும் தவறான ஒப்பீடு ஒன்று ஓடியது. இலங்கையில் உறுதிப்படுத்தப்பட்ட தொற்றாளர்கள் சுமார் 6 இலட்சத்து 72 ஆயிரம். மரணங்கள் 16,800 க்கும் சற்று அதிகம். வகுத்தால் 2.5 வீதம். இன்ஃபுளுவென்சாவுக்கு வழமையாகச் சொல்லப்படுவது 0.1 வீதம். “ஆகவே கொவிட் இருபத்தைந்து மடங்கு கொடியது” என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். பிசிஆர் செய்து உறுதியானவர்களை மட்டும் கீழே வைத்து வகுத்தால் வீதம் வீங்கித்தான் வரும். அறிகுறி இல்லாமல் வந்து போனவர்களும், பரிசோதனைக்கே போகாமல் வீட்டில் கொத்தமல்லித் தண்ணீர் குடித்தவர்களும் அந்தக் கணக்கில் இல்லை.

உண்மையில் ஒரே வீதம் என்று ஒன்று கிடையாது. வயதைப் பொறுத்து அது தலைகீழாக மாறுகிறது. தடுப்பூசி வருவதற்கு முன்னர் பல நாடுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்த ஆய்வொன்று, தொற்று ஏற்பட்ட 25 வயதினரில் பத்தாயிரத்துக்கு ஒருவர் இறப்பதாகவும், 55 வயதில் ஆயிரத்துக்கு நான்கு பேர், 75 வயதில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பேர், 85 வயதில் நூற்றுக்குப் பதினைந்து பேர் என்றும் கண்டது. இளையவர்கள் நிறைந்த ஊரையும் முதியவர்கள் நிறைந்த ஊரையும் ஒப்பிடுவதற்கு முன் வயதைச் சரிசெய்யாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்குப் பெறுமதி இல்லை. பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தாய் தகப்பன் மட்டும் நாற்சார் வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் கிராமங்களை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

இனி பிராந்தியங்களுக்கு வருவோம். ஒரே நாட்டுக்குள் இடத்துக்கு இடம் மரண வீதம் ஏன் இவ்வளவு மாறுகிறது? பாதிக் காரணம் நோய். மீதிப் பாதி, எண்ணும் முறை.

இத்தாலியின் வடக்கே பெர்காமோ மாகாணத்தில் நெம்ப்ரோ என்ற சிறு பட்டினம் இருக்கிறது. சனத்தொகை சுமார் 11,500. வழமையாக ஜனவரி முதல் மார்ச் வரையான மூன்று மாதங்களில் அங்கே சராசரியாக 35 பேர் இறப்பார்கள். 2020 இல் அதே காலத்தில் இறந்தவர்கள் 158 பேர். ஆனால் அரச கணக்கில் கொவிட் மரணம் என்று இருந்தவை 31 மட்டுமே. மிகுதியான தொண்ணூறுக்கு மேற்பட்டோர் பரிசோதனை கிடைக்காமலே வீடுகளிலும் முதியோர் இல்லங்களிலும் போய்ச் சேர்ந்தவர்கள். நெம்ப்ரோவின் மேயர் இந்தக் கணக்கை வெளிப்படையாக எழுதிய பிறகுதான் பலருக்கு நிலைமை உறைத்தது. அதே நேரம் தென் இத்தாலியில் பல ஊர்களில் அந்த மார்ச் மாதம் வழமையான மார்ச் மாதம்தான். நாட்டின் சராசரியைப் பார்த்தவர்களுக்கு நெம்ப்ரோ தெரிந்திராது.

இந்தியாவில் இன்னும் வேடிக்கை. சுமார் மூன்றரைக் கோடிப் பேர் வாழும் கேரளத்தில் கொவிட் மரணங்கள் 70 ஆயிரத்துக்கு மேல். பன்னிரண்டு கோடிக்கு மேல் வாழும் பீகாரில் 12 ஆயிரத்துச் சொச்சம். அப்படியென்றால் பீகாரின் சுகாதாரத் துறை கேரளத்தைவிடத் திறமானதா? இந்தியாவைக் கொஞ்சம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கேரளத்தில் ஏறக்குறைய எல்லா மரணங்களும் பதிவாகின்றன, முதியவர்களும் அதிகம். பீகாரில் 2021 ஜூன் மாதம் ஒரே நாளில் 3,951 மரணங்களைப் பழைய கணக்கில் சேர்த்தார்கள். அதுவும் நீதிமன்றம் நெருக்கிய பிறகு. பின்னர் ஒவ்வொரு மரணத்துக்கும் 50 ஆயிரம் ரூபா நட்டஈடு என்று வந்தபோது, சுமார் பத்தாயிரம் மரணங்களைக் காட்டியிருந்த குஜராத்தில் அதைப்போல் பல மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன. பெருவில் 2021 மே 31 அன்று அரசாங்கமே 69,342 என்றிருந்த எண்ணிக்கையை 1,80,764 என்று திருத்தியது. ஒரே இரவில் உலகிலேயே அதிக மரண வீதம் கொண்ட நாடு என்ற பெயர் பெருவுக்கு வந்தது. நோய் கூடவில்லை, நேர்மைதான் கூடியது.

இலங்கைக்குள் மேல் மாகாணம்தான் பெரும்பங்கு மரணங்களைக் காட்டியது. நெரிசல், ஆடைத்தொழிற்சாலைகள், பேலியகொடை மீன் சந்தை என்று அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் மாவட்டக் கணக்கைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. இந்த நாட்டில் ஒரு மரணம் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும், வாழ்ந்த இடத்தில் அல்ல. முல்லைத்தீவில் நோயாகி யாழ். போதனா வைத்தியசாலையில் இறந்தவர் பதிவாளரின் புத்தகத்தில் யாழ்ப்பாணத்து மரணம். மகரகமவில் இறந்த வவுனியா நோயாளி கொழும்பு மரணம். பெரிய வைத்தியசாலை உள்ள மாவட்டத்தில் சாவு குவியும். வைத்தியசாலை வசதி இல்லாத மாவட்டம் ஆரோக்கியமாகத் தெரியும். வன்னியின் குறைந்த எண்ணிக்கையைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

உடல்களின் பயணம் இன்னொரு விதமாகவும் கணக்கைக் குழப்பியது. 2020 ஏப்ரலில் வர்த்தமானி மூலம் எரியூட்டல் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் ஏறக்குறைய பத்து மாதங்கள் முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரித்தார்கள். பிறந்து இருபது நாளேயான குழந்தையையும் விடவில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களும் தங்கள் உறவுகளைப் புதைக்க முடியாமல் நின்றன. 2021 பெப்ரவரி இறுதியில் அனுமதி வந்தபோது முதலில் அவர்கள் கைகாட்டியது பூநகரிக்கு அப்பால் உள்ள இரணைதீவை. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு தங்கள் தீவுக்குத் திரும்பியிருந்த மீனவக் குடும்பங்கள் வீதிக்கு வந்தன. பிறகு ஓட்டமாவடி மஜ்மா நகர். நாடு முழுவதிலும் இருந்து அங்கே கொண்டுவந்து அடக்கம் செய்யப்பட்டவர்கள் 3,600 க்கும் அதிகம். அந்த மையவாடியைப் பார்த்து மட்டக்களப்பில் கொரோனா கோரத்தாண்டவம் ஆடியது என்று ஒருவர் எழுதினால் எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை எங்கள் மாவட்ட ஒப்பீடுகள் பலவற்றில் இருக்கிறது.

எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் நோயை மறைத்து வீட்டில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் எந்தப் பட்டியலிலும் வராது. அரசாங்கம் 2024 ஜூலையில் இதற்காக மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்டதால் கணக்கு திருந்திவிடவில்லை.

காலத்தையும் பார்க்க வேண்டும். 2020 ஒக்டோபர் தொடக்கத்தில் இலங்கையின் மொத்தக் கொவிட் மரணம் 13. அந்தச் சமயத்தில் ‘தடிமன் காய்ச்சல்’ என்று சொன்னவரை எண்களை வைத்து மறுத்திருக்க முடியாது. டெல்டா வந்த பிறகு 2021 ஓகஸ்ட், செப்டெம்பர் ஆகிய இரண்டு மாதங்களில் மட்டும் எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய பாதி. இலங்கையில் எல்லாக் காரணங்களாலும் வழமையாக ஒரு நாளைக்குச் சுமார் 400 பேர் இறப்பார்கள். அந்த நாட்களில் கொவிட்டால் மட்டும் 200 க்கு மேல். சுடலைகளில் வரிசை நின்றதற்குக் காரணம் இதுதான். ஆண்டு முழுவதற்கும் பரவி வரும் மரணங்களும் ஆறு கிழமைக்குள் நெருக்கி வரும் மரணங்களும் எண்ணில் சமமாக இருந்தாலும், ஒட்சிசனும் கட்டிலும் தேடி அலைந்தவர்களுக்கு ஒன்றல்ல.

அப்படியானால் எதை நம்புவது? காரணத்தை விட்டுவிட்டு மொத்த மரணங்களைப் பார்ப்பது ஒரு வழி. வழமையாக எத்தனை பேர் இறந்திருப்பார்கள், உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள், இரண்டையும் கழி. மிகை மரணம் என்கிறார்கள். 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் உலகம் அறிவித்த கொவிட் மரணங்கள் சுமார் 54 இலட்சம். இந்தக் கழித்தல் முறையில் உலக சுகாதார ஸ்தாபனம் கண்டது சுமார் 1 கோடியே 49 இலட்சம். இந்தியாவுக்கு மட்டும் 47 இலட்சம். இந்திய அரசு அதை ஏற்கவில்லை.

பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் எண்களை இதே கண்ணால் பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது. 2019 இல் பதிவான மரணங்கள் சுமார் 1 இலட்சத்து 46 ஆயிரம். 2020 இல் அது 1 இலட்சத்து 32 ஆயிரமாகக் குறைந்தது! 2021 இல் 1 இலட்சத்து 64 ஆயிரம். முடக்க காலத்தில் வீதி விபத்துகள் குறைந்தன. 2019 இல் ஒரு இலட்சத்தைத் தாண்டிய டெங்குத் தொற்று 2020 இல் சுமார் 31 ஆயிரமாக இறங்கியது. முகக்கவசமும் பாடசாலை மூடலும் மற்றச் சுவாச நோய்களையும் தடுத்தன. 2019 இல் 900 க்கு மேற்பட்ட இன்ஃபுளுவென்சா மரணங்களைக் கண்ட அவுஸ்திரேலியாவில் 2020 இல் நாற்பதுக்கும் குறைவு. ஆகவே முடக்கம் கொவிட்டை மட்டும் தடுக்கவில்லை, ஒப்பிடுவதற்கு எடுத்த தடிமன் காய்ச்சலையே காணாமல் செய்துவிட்டது. முடங்கிக் கிடந்த நாட்களில் பதியாமல் விட்ட மரணங்கள் அடுத்த ஆண்டில் ஏறியிருக்கவும் இடமுண்டு. எப்படிப் பார்த்தாலும், “இவ்வளவுதானே செத்தது” என்பவர்கள் கட்டுப்பாடுகளோடு நடந்த சாவை, கட்டுப்பாடுகள் இல்லாத காலச் சாவோடு ஒப்பிடுகிறார்கள்.

என்னை உண்மையில் உறுத்துவது அடுத்த எண்கள். கொவிட் ஓய்ந்த 2022 இல் பதிவான மரணங்கள் ஏறக்குறைய 1 இலட்சத்து 80 ஆயிரம். 2023 இல் 1 இலட்சத்து 81 ஆயிரம். எரிபொருள் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு, ஒத்திவைத்த சத்திரசிகிச்சைகள், வெளிநாடு போன வைத்தியர்கள் என்று அந்த ஆண்டைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். முதியவர்கள் பெருகுவதால் மரணங்கள் ஆண்டுக்கு ஆண்டு சற்றுக் கூடும் என்பதும் உண்மை. ஆனால் 2019 ஐவிட 30 ஆயிரத்துக்கு மேல் கூடியதற்கு அது மட்டும் காரணமாக முடியுமா? கொவிட்டுக்கு ஒவ்வொரு மாலையும் எண்ணிக்கை வாசித்த நாட்டில், இதைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஒரு முழுநாள் விவாதமாவது நடந்திருக்க வேண்டும்.

இந்தக் கழித்தல் முறை எங்களுக்குப் புதிதல்ல. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது இதைத்தான். 2008 ஒக்டோபரில் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380. கழித்தால் 1,46,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். எல்லோரும் இறந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. கணக்கில் வராதவர்கள் என்றார். நெம்ப்ரோவின் மேயர் கேட்ட அதே கேள்வி. ஒருவருக்கு உலகப் பத்திரிகைகள் செவிசாய்த்தன. மற்றவரைப் புலனாய்வாளர்கள் விசாரித்தார்கள்.

உடல்களை ஒவ்வொன்றாகக் காட்டு, பெயரைச் சொல், பத்திரத்தைக் கொண்டுவா என்று கேட்கும் முறை எப்போதும் அதிகாரத்துக்கு வசதியானது. வைத்தியசாலையும் பதிவாளரும் இயங்காத இடத்தில் இறந்தவருக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? அதேபோல் பகுதி எண்ணையும் கவனிக்க வேண்டும். 2009 தொடக்கத்தில் அரசாங்கம் வன்னியில் எழுபதாயிரம் பேர்தான் இருக்கிறார்கள் என்றது. உணவும் மருந்தும் அந்தக் கணக்குக்குத்தான் அனுப்பப்பட்டன. வெளியே வந்தவர்களோ அதைப்போல் நான்கு மடங்கு. ஒரு தொகையைக் கீழே சுருக்குவது மேலே எதையெல்லாம் மறைக்கும் என்பதற்கு எங்களிடம் இதைவிட உதாரணம் வேண்டாம். ஒரு வித்தியாசத்தையும் சொல்லவேண்டும்: வைரஸ் கொல்வதும் எறிகணை கொல்வதும் ஒன்றல்ல. முன்னையதற்குச் சுகாதாரக் கொள்கை பொறுப்பு, பின்னையதற்குக் குற்றப்பொறுப்பு. எண்ணும் முறையில் மட்டும்தான் நான் ஒற்றுமை காண்கிறேன்.

வடக்கின் பகுதி எண் இன்றும் தடுமாறுகிறது. 1981 க்குப் பிறகு யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முழுமையான குடிசன மதிப்பு நடந்தது 2012 இல்தான். நடுவில் முப்பத்தொரு ஆண்டுகள், அதற்குள் போரும் இடப்பெயர்வும் வெளிநாட்டுப் பயணமும். அடுத்தது 2024 இல் நடந்தது. நாட்டின் சனத்தொகை 2 கோடியே 17 இலட்சம் என்று வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மாவட்டச் சனத்தொகை என்று நாங்கள் எடுத்தாண்டவை எல்லாம் மதிப்பீடுகள். 2021 இல் முல்லைத்தீவின் மரண வீதம் இன்னது என்று தசமப் புள்ளியோடு சொன்னவர்களை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது எதற்கு என்று கேட்கலாம். 2024 டிசம்பரில் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் காய்ச்சலால் சில நாட்களுக்குள் பலர் அடுத்தடுத்து இறந்தார்கள். மர்மக் காய்ச்சல் என்று ஊர் பதறியது. மாதிரிகளைப் பரிசோதித்து எலிக்காய்ச்சல் என்று பெயர் தெரிந்த பிறகுதான் வயலில் இறங்குபவர்களுக்குத் தடுப்பு மருந்து வீடு வீடாகப் போனது. பெயர் தெரிந்த மரணத்துக்கு மருந்து வருகிறது. மாரி காலத்தில் சளியும் மூச்சிரைப்புமாக இறக்கும் எங்கள் முதியவர்களின் மரணத்துக்கு இன்னும் அந்தப் பெயர் கிடைக்கவில்லை. இன்ஃபுளுவென்சா தடுப்பூசி அரச தடுப்பூசி அட்டவணையில் இல்லை. காசு உள்ளவர்கள் தனியாரிடம் போட்டுக்கொள்கிறார்கள். “தடிமன் காய்ச்சல்தானே” என்று கொரோனாவைச் சிறுமைப்படுத்தியவர்கள், உண்மையில் இரண்டு நோய்களையும் சேர்த்தே சிறுமைப்படுத்தினார்கள்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்தத் தரவுகளை இலங்கைப் பிரஜை எவரும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மொத்த எண்ணிக்கையை மட்டும் கேட்டால் வகைப்படுத்தாத ஒரு தாள் வரும். 2018 முதல் 2023 வரை, ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும், மாத வாரியாக, வயது வாரியாக, இறந்த இடத்தின்படி ஒன்றும் வதிவிடத்தின்படி இன்னொன்றுமாகக் கேட்க வேண்டும். வீட்டு மரணங்களையும் வைத்தியசாலை மரணங்களையும் பிரித்துத் தரச் சொல்ல வேண்டும். கிராம அலுவலரின் அறிக்கையோடு பதிவான மரணங்கள் எத்தனை, வைத்தியர் காரணம் எழுதியவை எத்தனை என்பதையும் விடக்கூடாது. பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் இல்லை என்று சொன்னால், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்கு அதே கேள்விகளை அனுப்பலாம். தமிழிலேயே எழுதலாம், விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை.